எடைச்சீட்டின் பின்பக்கம்

முனிரத்னா,
ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு
"எழுத ஒண்ணுமே இல்லடி" என்று அனுப்பியிருக்கிறாய்.
கூடவே கிழித்துப்போட்ட நோட்டின் படம்.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
கடல் என்று ஒரு துண்டு. அலை என்று ஒரு துண்டு.
ராயக்கோட்டையில் பிறந்து
கிருஷ்ணகிரி அணைக்கு மேல் தண்ணீர் பார்க்காதவள்
எதற்கடி கடலுக்குப் போனாய்?
போட்டியில் பரிசு தராதது நல்லதுதான்.
கோபித்துக்கொள்.
பிறகு மேலே படி.

நான் எடைமேடையில் சீட்டு அடிப்பவள்.
லாரி காலியாக ஒருமுறை ஏறும்,
தக்காளியோடு ஒருமுறை ஏறும்.
பெரியதில் சிறியதைக் கழித்தால் சரக்கு.
இதற்கு மேல் எனக்கு இலக்கணம் தெரியாது.
உன் கவிதையில் வண்டியே ஆறு டன்,
சரக்கு ஒரு கூடை.

இன்னொன்றும் கேள்.
எங்கள் மேடைக்கு ஐந்து கிலோவுக்குக் கீழே கண் தெரியாது.
டிரைவர் சட்டைப்பையில் மடித்திருக்கும் மருந்துச்சீட்டு,
கண்ணாடிக்கு முன்னால் தொங்கும் ஒற்றைக் கொலுசு,
கிளீனர் பையன் கன்னத்தில் பதிந்த ஐந்து விரல்
எதுவும் திரையில் ஏறாது.
எடையில் விழாததெல்லாம்
யார் பெயரிலும் பில் ஆகாமல் கிடக்கிறது.
எடுத்துக்கொள்.

கிலோ மூன்று ரூபாய்க்கு விழுந்த அன்று
கெலமங்கலம் ரோட்டோரம்
ஒருவர் ஒரு டெம்போ பழத்தையும் கொட்டினார்.
கொட்டி முடித்து, வண்டியில் ஏறி,
மறுபடி இறங்கி வந்து
குவியலில் நாலே நாலு பழம் பொறுக்கித்
துண்டில் முடிந்துகொண்டு போனார்.
ஏன் அந்த நாலு?
ஏழு வரி எழுதிவிட்டு நிற்கிறேன், தெரியவில்லை.
வேண்டுமானால் நீ எட்டாவதிலிருந்து தொடங்கு.

சொல் இல்லை என்று மட்டும் சொல்லாதே.
அம்மாவிடம் தெலுங்கில்,
ஓசூர் பஸ் கண்டக்டரிடம் கன்னடத்தில்,
கணக்கு டீச்சரிடம் தமிழில்
திட்டு வாங்கி வளர்ந்தவள் நீ.
மூன்றையும் ஒரே நாளில் வாங்கினாயே,
அந்த நாளை எழுதேன்.
எந்த மொழியில் அழுதாய் என்று எழுது.

நானும் ஒன்றும் கிழித்துவிடவில்லை.
நீ நோட்டையாவது கிழித்தாய்.
நேற்று கரண்ட் போன இரண்டு மணி நேரமும்
ஒரே வரியை ஆறு தடவை மாற்றினேன்.
கடைசியில் முதலில் எழுதியதே நின்றது.
அந்த ஐந்தும் வீண் என்று சொல்ல
ஏனோ வாய் வரவில்லை.

ஒரு சங்கதி உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.
ஆடியில் ஒரு மத்தியானம்.
காற்றைத் தவிர எதுவும் மேடை ஏறவில்லை.
கையில் கிடைத்த வெற்றுச்சீட்டின் பின்பக்கம்
நாலு வரி எழுதினேன்:
ஒரு நாய் வந்து மேடை நடுவில் படுத்ததும்,
திரையில் பதினைந்து என்று எண் எரிந்ததும்,
அந்தச் சீட்டை யாருக்குக் கொடுப்பது என்று
தெரியாமல் நான் உட்கார்ந்திருந்ததும்.

அப்போது பார்த்து ஒரு லாரி.
அவசரத்தில் அதே தாளில் எடையை அடித்துக் கொடுத்துவிட்டேன்.
என் நாய்
தக்காளியோடு கோயம்பேடு போய்விட்டது.

மூன்றாம் வாரம் அதே டிரைவர்,
மடித்த சீட்டை ஜன்னல் வழியே நீட்டினார்.
எடைத் தகராறு என்று வயிறு கலங்கிவிட்டது எனக்கு.
பிரித்தால்,
என் நாலு வரிக்குக் கீழே
சிவப்பு மையில், யாரோ,
கூட்டல் கழித்தல் போட்டே பழகிய கையெழுத்தில்
ஒரே ஒரு சொல்:

அப்புறம்?

யார் எழுதியது என்று கேட்டேன்.
"கடையில குடுத்தாங்க" என்றார். அவ்வளவுதான்.
ஆணா பெண்ணா, வயது என்ன, எதுவும் தெரியாது.
அன்றிலிருந்து அந்த ஆளுக்குத்தான் எழுதுகிறேன்.

வைக்கிறேன், ஹாரன் அடிக்கிறான்.
அந்தத் துண்டுகளைக் குப்பையில் போட்டுவிடாதே.
திருப்பிப் பார்,
பின்பக்கம் காலியாகத்தான் இருக்கும்.